முழக்கம் மாரப்பன் சொல்ல வேண்டிய ஒரு வரி

ஜன்னலோரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. எனக்கு வேண்டாம். வாந்தி வரும் என்று நினைக்காதீர்கள், நான் லாரியின் மேல் நின்றுகொண்டே தாராபுரம் வரை பேசிப் போனவன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெளியே போகிற ஊர்வலம் காதில் விழும். அதுதான் எனக்குச் சீக்கு. அந்தச் சீக்கால்தான் இன்றைக்குச் சேலம் போய்க்கொண்டிருக்கிறேன், எங்கள் தொழிலாளர் சங்கத்தின் விசாரணைக் கமிட்டிக்கு.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டீர்களே, நல்ல பிள்ளை. என்னைத் தெரிகிறதா? திருப்பூரில்தானே ஏறினீர்கள்? முழக்கம் மாரப்பன். தெரியாதா? சரி, விடுங்கள். உங்கள் தலைமுறைக்கு வரலாறு சொல்லித்தர நாதி இல்லை.

நான் பேசுவது மேடைத் தமிழாக இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். பழகிவிட்டது. "ரசத்துக்கு உப்புப் போதுமான்னு கேட்டா, தீர்மானம் வாசிக்கறீங்க" என்பாள் என் சம்சாரம் அமராவதி. படித்தது ஐந்தாம் வகுப்பு. மீதியெல்லாம் துண்டறிக்கை. ரஷ்யாவில் என்ன நடந்தது, இத்தாலியில் என்ன நடந்தது, எல்லாம் மடித்தால் சட்டைப்பையில் அடங்குகிற தாளில் படித்தவன் நான். தலையணை மாதிரி புத்தகம் படித்தவர்கள் அதன்மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டார்கள். துண்டறிக்கைக்காரன் தூங்க முடியாது, தம்பி. தலைக்கு உயரம் பத்தாது.

பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானே, நீலச் சட்டை, மடியில் பை, அவன் என்னோடு வந்தவன். பிபூதி. ஒடிசாக்காரன், கஞ்சம் ஜில்லா. எங்கள் சங்க அலுவலகத்துக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்தான். வாழ்நாளெல்லாம் நெற்றியில் திருநீறு வைக்காத நாத்திகன் நான், விடிந்தால் "விபூதி, ஒரு டீ" என்று கத்த வேண்டியிருந்தது. திருப்பூரில் எவன் வாயிலும் அந்தப் பெயர் அப்படித்தான் வரும். அவனும் திருத்தமாட்டான்.

டீக்கடைக்கு முன்னால் அவன் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது அவனைச் சங்கத்தில் சேர்த்தவனே நான்தான். தமிழ் தெரியாது, ஆனால் காது இருந்தது. கோஷத்துக்கு முக்கியம் எது தெரியுமா? எல்லோரும் தொண்டை என்பார்கள். தப்பு. காது. கோஷத்தில் எடுத்துக் கொடுக்கிறவன் ஒருவன், அதை வாங்கித் திருப்பிப் போடுகிறவன் ஒருவன். நடுவில் அரை மூச்சு நிறுத்தம் இருக்கிறது பாருங்கள், உயிர் அங்கேதான் இருக்கிறது. எடுக்கிறவன் அங்கே நிறுத்தினால் கூட்டத்தின் நெஞ்சு விம்மும். யோசிக்க நேரம் இருக்காது. வாய் தானாகத் திறக்கும். பிபூதி மாதிரி வாங்குகிறவனை நான் பார்த்ததில்லை. நான் கையைத் தூக்கினால் போதும், கண்ணாடிக் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தாலும் அவன் கையும் தூக்கிக்கொள்ளும். என் வளர்ப்பு.

இப்போது பூபதிக்கு வருகிறேன்.

தீரன் பூபதி. அந்தத் தீரன் பட்டத்தை அவனே போட்டுக்கொண்டான். முன்பு தண்ணீர் சுத்திகரிக்கிற மிஷின் விற்றவன். வீட்டுக்கு வந்து, நம் குழாய்த் தண்ணீரை ஒரு கிளாஸில் பிடித்து, அதில் ஏதோ கம்பியை விட்டுக் கறுப்பாக்கிக் காட்டுவான். "இதைத்தானுங்க இத்தனை நாளாக் குடிச்சிட்டு இருந்தீங்க" என்பான். வீடே நடுங்கிப்போய் மிஷின் வாங்கும். அதே வித்தையைத்தான் தம்பி அரசியலுக்குக் கொண்டுவந்தான். மண்ணுரிமைப் படை என்று ஒன்றை ஆரம்பித்து, ஊரை ஒரு கிளாஸில் பிடித்துக் கறுப்பாக்கிக் காட்டினான். வேலை இல்லையா, வடக்கன். வாடகை ஏறிவிட்டதா, வடக்கன். பொண்ணு கிடைக்கவில்லையா, வடக்கன். உன் பல்வலிக்கும் வடக்கனே காரணம்.

அவன் அப்பா சாமுண்டிபுரம் பக்கம் வரிசையாக ரூம் கட்டி விட்டிருக்கிறாரே, அதில் குடியிருப்பவர்கள் யார்? பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட். மாதம் பிறந்தால் வாடகையைச் சிரித்துக்கொண்டே வாங்குகிறவன் பூபதி. படைக்காரர்கள் போட்டிருக்கும் மஞ்சள் பனியனைத் தைத்தது யார்? பிபூதியின் மச்சான். "ஆர்டர் நல்ல ஆர்டர் அண்ணா, டபுள் ஸ்டிச்" என்றான் பிபூதி. சிரிக்காதீர்கள். இதையெல்லாம் நான் துண்டறிக்கையாகப் போட்டேன். தலைப்பு, "பாசிசத்தின் அறிகுறிகள்". முதல் அறிகுறி: கற்பனையாக ஒரு எதிரியைக் காட்டுவது. இரண்டாவது: கூட்டத்தை யோசிக்கவிடாமல் கத்த வைப்பது. சந்தையில் நானே நின்று கொடுத்தேன். ஒரு அம்மா வாங்கி அதில் கறிவேப்பிலையைச் சுருட்டிக்கொண்டது. பரவாயில்லை. கருத்து எப்படியும் சமையலறைக்குள் போகிறது அல்லவா?

மாநகராட்சித் தேர்தல் வந்தது. படை ஊர்வலம் அறிவித்தது. எங்கள் சங்கத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? பேசினார்கள். புறநிலைச் சூழல் என்றார்கள், அணிதிரட்டல் என்றார்கள், மனு என்றார்கள். எங்கள் செயலாளர் இப்போது ஒரு இளம்பெண், தோழர் இளவேனில். வக்கீலுக்குப் படித்தது, ஸ்கூட்டரில் வரும். "தோழர், அவங்களோட தெருவுல போய் மல்லுக்கு நிக்க வேண்டாமுங்க. கடையெல்லாம் பத்திரமாச் சாத்தச் சொல்லலாம்" என்றது. நான் சொன்னேன்: "அம்மணி, நீ பிறப்பதற்கு முன்னாலேயே நான் லத்தியைக் கடித்துத் துப்பியவன்." கறுப்புக்கொடி ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் பிபூதி கடை வாசலில் நின்றேன்.

பிபூதி கடையைச் சாத்தத்தான் இருந்தான். நான்தான் விடவில்லை. "நான் இருக்கிறேன், டீ போடு" என்றேன்.

வந்தார்கள். மஞ்சள் மஞ்சளாக. வேனில் பூபதி கும்பிட்டுக்கொண்டே வந்தான். முக்கில் டவுன் பஸ் ஒன்று திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. ஊர்வலம் சரியாக எனக்கு முன்னால் நின்றது. நான் கொடியை உயர்த்தினேன். எவனும் பார்க்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை தம்பி. அவர்கள் போட்டுக்கொண்டிருந்த கோஷத்தைக் கேட்டேன்.

கேளுங்கள். "அயல் மாநிலத்தாரின் அளவுகடந்த குடியேற்றத்தை உடனடியாகத் தடுத்து நிறுத்தி மண்ணின் மைந்தர்களின் வாழ்வாதாரத்தைப் பாதுகாத்திடுக!"

இது கோஷமா? தாசில்தாருக்கு எழுதுகிற மனு! எடுத்தவன் "குடியேற்றத்தை" என்று வருவதற்குள் மூச்சு வாங்கினான். கூட்டத்தில் பாதி "திடுக" என்றது, பாதி "துடுக" என்றது, ஒருவன் கொட்டாவி விட்டான். ஒரு தரம் பொறுத்தேன். இன்னொரு தரம் பொறுத்தேன். பல்லுக்கு இடையில் நார் மாட்டினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அந்த நேரம் பார்த்து மைக் பிடித்திருந்த தொப்பைக்காரனுக்குத் தொண்டை கட்டி இருமல் வந்துவிட்டது. கூட்டம் சும்மா நின்றது. நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. பால் பொங்கி வழியும்போது எவன் வீட்டு அடுப்பு என்று பார்ப்பீர்களா? ஓடிப்போய் இறக்கமாட்டீர்களா?

"மைக்கை இப்படிக் கொடுப்பா" என்றேன்.

எதற்கு வாங்கினேன்? கண்டிக்கத்தான். அவர்களை அம்பலப்படுத்தத்தான். இதைக் கமிட்டியிலும் சொல்லப்போகிறேன். ஆனால் கண்டனத்தை எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டும் அல்லவா? முதலில் கோஷம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டினேன். பழைய ஆலை வேலைநிறுத்தத்துக்கு நான் எழுதியது. முதலாளி கதவைப் பூட்டியபோது, "எங்க சோத்தப் பூட்டிப் போட, நீங்க யாரு?" என்று ஊரே கேட்டது. அதையே அந்த இடத்துக்குத் தகுந்த மாதிரி லேசாகத் திருப்பினேன். ஒன்றிரண்டு சொல்தான்.

"எங்க ஊரு, எங்க வேலை!
எங்க வேலை, எங்க சோறு!
எங்க சோத்தத் திங்க வந்த..."

இங்கேதான் நிறுத்தினேன். அரை மூச்சு. கையைத் தூக்கினேன்.

"நீங்க யாரு? நீங்க யாரு?"

தம்பி, ரோமம் எல்லாம் நின்றது. கொட்டாவி விட்டவன் குதித்தான். மாட்டிக்கொண்ட டவுன் பஸ்ஸில் இருந்த ஜனங்கள் ஜன்னலில் தட்டித் தாளம் போட்டார்கள். இரண்டாம் தரம் எடுத்தேன். மூன்றாம் தரம் எடுத்தேன். எனக்கு வயதே போய்விட்டது. ஒரு கையில் மைக், இன்னொரு கையில் கறுப்புக்கொடி. எதிர்ப்பை நான் கடைசிவரை கீழே போடவில்லை, அதைக் கவனியுங்கள்.

அப்போதுதான் எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாக் குரலுக்கும் மேலே, தாளத்தில் நூல் பிசகாமல்.

"நீங்க யாரு! நீங்க யாரு!"

திரும்பிப் பார்க்கிறேன், பிபூதி. ஒரு கையில் டீ வடிகட்டி, மறு கை முஷ்டியாக மேலே. கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறான். என் கை தூக்கியதும் அவன் கை தூக்கிவிட்டது, பாவம். கோஷம் யாருக்கு எதிராக என்று அவனுக்கு எப்படித் தெரியும்? என்னை நம்பிக் கத்துகிறவன்.

கூட்டம் ஒரு நொடி நின்றது. அப்புறம் சிரித்தது. சிரிப்பு நின்றதும் ஒருவன் சொன்னான், "டேய், உன்னத்தாண்டா கேக்கறோம்!"

அதற்குப் பிறகு என்ன? பாய்லர் உருண்டது. கிளாஸெல்லாம் தெருவில். நான் "தோழர்களே, தோழர்களே" என்று மைக்கில் கத்தினேன். அவர்களை அப்படிக் கூப்பிட்டால் அவர்களுக்கு எப்படிப் புரியும்? "எங்க ஊரு, எங்க வேலை" என்று போய்க்கொண்டே இருந்தார்கள். ஆனால் ஒன்று. அவ்வளவு கலவரத்திலும் தாளம் பிசகவில்லை. நிறுத்தம் நிறுத்தமாகவே இருந்தது.

மறுநாள் கடை இருந்த இடத்தில் படையின் கொடிக்கம்பம் நட்டிருந்தார்கள். கடைக்கான மாநகராட்சி உரிமமெல்லாம் பிபூதியிடம் பக்காவாக இருந்தது. இளவேனில் அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனது. பூபதி அலட்டிக்கொள்ளவே இல்லை. செல்போனை நீட்டினான். வீடியோ. மைக்கோடு நான். "உங்க சங்கத்துப் பெரியவரே முன்னால நின்னு கேக்கறாருங்க, நீங்க யாருன்னு. அப்புறம் நாங்க என்னங்க பண்ணறது?" இன்ஸ்பெக்டர் வீடியோவை இரண்டு தரம் பார்த்தாராம். "பெருசு நல்லாப் போடறாப்டி" என்றாராம்.

ஊரெல்லாம் பரவியது. டீக்கடையில், சலூனில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்து விளையாடும்போது, எங்கும் "நீங்க யாரு, நீங்க யாரு". பூபதி என் வீட்டுக்கே சால்வையோடு வந்தான். "ஐயா, நீங்கதான் எங்க படையோட குரல்" என்றான். நான் விரட்டிவிட்டேன். சால்வையை வாங்கவில்லை. அவனாகத் தோளில் போட்டான், அது வேறு.

"அது வேறன்னா, பீரோவுல மடிச்சு வெச்சிருக்கறீங்களே, அது எதுங்க?" என்றாள் அமராவதி. பெண்களுக்கு அரசியல் நுணுக்கம் புரிவதில்லை, தம்பி.

இதோடு விட்டிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். ஒரு வாரம் கழித்துச் சுவரெங்கும் போஸ்டர். என் கோஷம், வரிக்கு வரி, கொட்டை எழுத்தில். கீழே என்ன போட்டிருந்தான் தெரியுமா? "முழக்கம்: தீரன் பூபதி."

எனக்கு வந்ததே கோபம்! இதுதான் தம்பி பாசிசம். அடுத்தவன் உழைப்பைச் சுரண்டுவது. நேரே அவன் அலுவலகத்துக்குப் போனேன். "யார் எழுதியதடா அது?" என்று கேட்டேன். "ஐயா, மக்கள் எழுதினதுங்க" என்றான். மக்கள்! மக்களுக்கு நிறுத்தம் எங்கே வைப்பது என்று தெரியுமா? ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். அவன் கொடுத்த காபியைப் பாதிதான் குடித்தேன். வெளியே வரும்போது யாரோ படம் எடுத்துவிட்டார்கள். மைக் பிடித்தது என்மேல் முதல் குற்றச்சாட்டு, இது இரண்டாவது: "எதிரி முகாமோடு தொடர்பு."

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். நான் வளர்த்த பிள்ளைகள், என்னை நீக்க வேண்டும் என்று கை தூக்குகிறார்கள். இளவேனில் மட்டும் கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டது.

"தோழர், சுத்தி வளைக்காமச் சொல்றேனுங்க. உங்க மெம்பர் கார்டு கெடக்கட்டும். பிபூதி கடைதான் இப்ப முக்கியம். அந்த வீடியோவுக்கு எதிர்ல நமக்கு ஒரு வீடியோ வேணும். சேலத்துல கமிட்டி முன்னால ஒரே ஒரு வரி சொல்லுங்க. 'அந்தக் கோஷம் என்னுது இல்ல, அதை நான் ஏத்துக்கல.' அவ்வளவுதானுங்க. அத வெச்சுப் போலீஸ்லயும் கோர்ட்லயும் நாங்க பேசிக்கறோம். கடையத் தெறந்தறலாம்."

"என்னுடையதுதானே அது?" என்றேன்.

"உங்களுதுதானுங்க. ஆனா இல்லைன்னு சொல்லுங்க."

பாருங்கள், வக்கீல் படிப்பின் லட்சணத்தை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். தியாகம் எனக்குப் புதிதா? பிபூதி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் ஊரிலிருந்து வா, வா என்று போன் போடுகிறார்களாம். மச்சான்கூடப் போன வாரமே ரயில் ஏறிவிட்டான். டபுள் ஸ்டிச் மச்சான்தான். இவன்தான் போகமாட்டேன் என்கிறான். "அண்ணா, ஒரு வரிதானே. நீ சொன்னா கடை வரும். வரலேன்னா நான் ஊருக்குப் போறேன்" என்றான். என்ன தமிழ் பாருங்கள். என்னிடம் கற்றது.

ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறேன். "அந்தக் கோஷம் என்னுடையது..." வரை நன்றாக வருகிறது. அதற்கப்புறம் "அல்ல" வர வேண்டும். அங்கே தொண்டை அடைக்கிறது. இருமல் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். சேலத்துக்குள் நுழையும்போது போட்டுக்கொள்வேன். சொல்லிவிடுவேன், தம்பி. முழக்கம் மாரப்பன் சொல்ல முடியாத வரி ஒன்று உண்டா?

ஈரோடு வந்துவிட்டதா? ஏன் பஸ் நிற்கிறது? என்ன கூட்டம் அது?

கொஞ்சம் தலையை நகர்த்துங்கள்.

மஞ்சள் பனியன். இங்கேயுமா? ஈரோடு வரை வந்துவிட்டான்களா! ஜன்னலை... கொஞ்சம் திறந்துவிடுங்கள். கண்டிக்கத்தான். இல்லை, இல்லை, நான் எதுவும் சொல்லமாட்டேன். கேட்க மட்டும்தான்.

கேட்டீர்களா? "திங்க வந்த..." பார்த்தீர்களா அந்த இடத்தை? பார்த்தீர்களா? எவ்வளவு கச்சிதமாக நிற்கிறது! என் முகத்தையே பார்க்காத பயல்கள், ஈரோட்டில், அரை மூச்சு கூடக் குறையாமல்... கண்ணில் தூசி விழுந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் இப்படித்தான்.

என்ன சொன்னீர்கள்? இத்தனை கேட்ட பிறகும், "செம கோஷங்க, பூபதி அண்ணன் எழுதுனது" என்றா?

பூபதி அண்ணனா?

தம்பி, கையை விடுங்கள், எழுந்திருக்கிறேன். நிற்கிறவர்கள் வழிவிடுங்கள். கண்டக்டர், விசில் அடிக்காதீர்கள். பஸ்ஸில் இருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோரும் கேளுங்கள்! வெளியே அந்தக் கூட்டம் கத்துகிறதே, அந்தக் கோஷம் என்னுடையது! திருப்பூர் முழக்கம் மாரப்பனுடையது! பூபதிக்கு ஒரு எழுத்து சொந்தமில்லை! எடுப்பும் என்னுடையது, நிறுத்தமும் என்னுடையது! எந்தக் கமிட்டியில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன், என்னுடையது!

...உட்கார்கிறேன், உட்கார்கிறேன். தண்ணீர் இருக்கிறதா? நன்றி.

செல்போனில் எடுத்தீர்களா? முழுதாக வந்திருக்கிறதா? நல்லது. போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். "பஸ்ஸில் பெரியவர்" என்று மொட்டையாகப் போட்டுவிடாதீர்கள். பெயரோடு போடுங்கள்.

பிபூதி எழுந்துவிட்டானா? சத்தத்தில் தூக்கம் கலைந்திருக்கும். ஏன் அப்படிப் பார்க்கிறான்? பிபூதி! கேட்டாயா? ஈரோட்டுக்கே போய்விட்டதடா நம் கோஷம்!

என்ன கேட்கிறான் கண்டக்டரிடம்? "ஸ்டேஷன் இங்கதானே" என்றா? எந்த ஸ்டேஷன்? போலீஸ் ஸ்டேஷனாக இருக்கும். இல்லை, தண்ணீர் வாங்கத்தான் இறங்குகிறான், வெயில் அல்லவா. வந்துவிடுவான். பையை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறான்? இந்தக் காலத்தில் பையைப் பஸ்ஸில் விட்டுப் போக முடியாது, அதுவும் சரிதான்.

பிபூதி! சீக்கிரம் வா, பஸ் எடுக்கப் போகிறார்கள்! நான் கை தூக்கினேன் பாருங்கள், அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தில் கேட்டிருக்காது.

அவன் சீட்டில் யாரையும் உட்காரவிடாதீர்கள், தம்பி. துண்டு போட்டு வையுங்கள்.